சித்தப்பா தட்டிக் காட்டிய தூண்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு செட்டியாராம். அந்த ஒரே ஒரு செட்டியாருக்கு ஒரே ஒரு வீடாம். அந்த ஒரே ஒரு வீட்டிலே எத்தனை கதவு என்று எண்ணப் போனவன் இன்னும் எண்ணிக்கொண்டே இருக்கிறானாம்.

இப்படித்தான் அண்ணே எல்லாருக்கும் ஆரம்பிப்பேன். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, எனக்குச் சோறு ஊட்டும்போது இப்படித்தான் ஆரம்பிப்பார். வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிலர் போனில் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அது பரவாயில்லை. படி உயரம், பார்த்து ஏறி வாருங்கள்.

இதற்கு முகப்பு என்று பெயர். அண்ணாந்து பாருங்கள். நடுவில் லட்சுமி, இரண்டு பக்கமும் யானை, யானைக்கு அடுத்து ஆளுக்கொரு துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய். லட்சுமிக்கு எதற்குச் சிப்பாய் என்று கேட்காத ஆளே கிடையாது. வீட்டைக் கட்டிய பெரிய திண்ணப்பச் செட்டியாருக்கு ரங்கூனில் கடை. அங்கே பெரிய கட்டடம் என்றால் வாசலில் துப்பாக்கிக்காரன் நிற்பான். நம் லட்சுமிக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று கொத்தனாரிடம் சொல்லி வைக்கச் சொல்லிவிட்டார். இது நான் கட்டிய கதை இல்லை, ஐயா சொன்னது. ஐயா கட்டிய கதையா என்று எனக்குத் தெரியாது.

சுவரைத் தொட்டுப் பாருங்கள், தொடலாம். வெயில் காலத்திலும் இப்படித்தான் சில்லென்று இருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசினது. தரை ஆத்தங்குடிக் கல். தூண் பர்மா தேக்கு. கப்பலில் வந்து இறங்கி, மாட்டுவண்டியில் ஊருக்கு வந்தது. ஒரு தூணுக்கு ஒரு மரம், ஒட்டே கிடையாது.

இப்படி உள்ளே வாருங்கள். இந்த முற்றத்தைச் சுற்றி இருக்கிறதே, இதற்கு வளவு என்று சொல்வோம். சுற்றிலும் அறைகள். ஒவ்வொரு கதவையும் பாருங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே வேலைப்பாடு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. எந்த மருமகளும் வந்து நின்று என் கதவு சின்னக் கதவு என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, பெரிய செட்டியார் ஆசாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அளக்கச் சொன்னாராம். பெரிய செட்டியார் இந்த வீட்டில் குடியிருந்ததே அபூர்வம். ரங்கூனிலேயே கிடந்தார். அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று கேட்டால், ஐயா ஒரு பதில் சொல்வார். நானும் அதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். இது குடியிருக்கக் கட்டிய வீடு இல்லை. கல்யாணம் பண்ணக் கட்டிய வீடு. தன் வம்சத்தில் எந்தப் பெண்ணும் அடுத்தவன் இடத்தில் நின்று கழுத்து நீட்டக் கூடாது என்று கட்டியது. இதைச் சொன்னால் பெண்களெல்லாம் அப்படியே உருகிப்போவார்கள்.

என்ன கேட்டீர்கள்? அந்த ஒரு கதவிலா? ஆமாம், மஞ்சள் குங்குமம்தான். மற்றக் கதவுகளில் இல்லைதான்.

அதைப் போய்க் கேட்டுவிட்டீர்களே.

கேட்டபிறகு சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் சொன்னால் எனக்குத்தான் வெட்கம். உட்காருங்கள் அண்ணே. உங்கள் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது.

அது திண்ணப்பன் சித்தப்பா அறை. பெரிய செட்டியார் பெயர்தான் இவருக்கும். எங்கள் அப்பச்சியோடு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கூடப் பிறந்தவர் இல்லை, பங்காளி. இந்த வீட்டில் பங்கு உள்ளவர்கள் எல்லாருமே பங்காளிதான். சென்னையில் பாதி, சிங்கப்பூரில் பாதி, அமெரிக்காவில் மிச்சம். அவரவர் அறைச் சாவி அவரவரிடம். பொது இடத்தைப் பார்த்துக்கொள்வது மட்டும் நான். அப்பச்சி போனபிறகு என்னைத்தான் எல்லாரும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மழைக்கு ஒழுகினால் ஓடு மாற்றுவேன், சினிமாக்காரர்கள் கேட்டால் வாடகைக்கு விடுவேன். எல்லாம் எல்லாரையும் கேட்டுத்தான்.

சித்தப்பா மட்டும் திருச்சியில். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். மேனேஜர் என்றால் என்ன, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறவர். கல்யாண வீட்டார் காலி பண்ணும்போது ஃபேன் ஓடுகிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, குழாய் திறந்து கிடக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்கிறவர். ஊரார் பெண்களுக்கெல்லாம் கல்யாண வாசலில் நின்றவர். அவருக்கு ஒரே பெண், சிகப்பி. ஸ்கூலில் கணக்கு டீச்சர். அந்த மண்டபத்தையே ஓசியில் கொடுத்திருப்பார்கள். வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு வீடு இருக்கிறது என்றாராம். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். என்னால பெரிசா ஒண்ணும் செய்ய முடியாது, ஆனா எங்க வீட்டு வளவுல வச்சு என் பொண்ணைக் குடுப்பேன் என்று.

சரி, அது அவர் இஷ்டம். அவர் உரிமையும்கூட. எந்தப் பங்காளி வீட்டுப் பெண்ணுக்கும் இங்கே கல்யாணம் பண்ணலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. சொன்னால் போதும். ஆனால் எங்களில் கல்யாணம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பத்திரிகை தபாலில் வந்தால் அது பங்காளிக்குச் சொன்னதாக ஆகாது. பெண்ணைப் பெற்றவர் நேரில் வரவேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் நாளைச் சொல்லி, நீட்டவேண்டும். தட்டை வாங்கினால் சம்மதம். வாங்கினபிறகு அதற்கு மேல் பேச்சே கிடையாது.

சித்தப்பா ஆனி மாதம் வந்தார். முறையாகத்தான் வந்தார், தட்டோடு. நான் அப்போது போனில் இருந்தேன். சினிமா கம்பெனியிலிருந்து ஜெயசீலன் அண்ணன், புரொடக்‌ஷன் மேனேஜர். ஆவணியில் வீடு வேண்டும், ஒரு கல்யாணக் காட்சி, பெரிய டைரக்டர் என்கிறார். நான் அதைக் கேட்பேனா, இதைக் கேட்பேனா? காதில் ஒரு தேதி, எதிரில் ஒரு தேதி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினேன். மரியாதையாகத்தான் வாங்கினேன் அண்ணே, ஒற்றைக் கையால் வாங்கவில்லை. "ரொம்ப சந்தோஷம் சித்தப்பா" என்றேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் போனில் இருந்தது அவருக்குத் தெரியும். கொஞ்சம் இருந்து இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம் அல்லவா? அப்புறமாவது ஒரு போன் போட்டிருக்கலாம். என்னப்பா, ஞாபகம் இருக்கா என்று ஒரு வார்த்தை. போடவில்லை. தட்டைக் கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் கேட்டால் என்னை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று இருந்திருக்கிறார். இந்தக் காலத்தில் யார் அப்படி இருக்கிறார்கள்?

ஆவணியில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வந்ததும் ஆர்ட் டைரக்டர் இடுப்பில் கைவைத்து வளவைச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இது செட்டிநாடு வீடு மாதிரியே இல்லையே" என்றார்.

நான் என்ன சொல்வது? "சரி சார்" என்றேன்.

தூண்கள் கறுப்பாக இருக்கின்றனவாம், கேமராவில் விழாதாம். அதனால் தேக்குத் தூணுக்கு மேலே தெர்மாகோலில் ஒரு தூண் செய்து சட்டை மாதிரி மாட்டினார்கள். அதில் யாளி, குதிரை, கொடி எல்லாம் செதுக்கி, சந்தன நிறம் அடித்து, பழசு மாதிரித் தெரிய அங்கங்கே அழுக்கும் பூசினார்கள். தத்ரூபமாக இருந்தது அண்ணே. எனக்கே எங்கள் வீடு அழகாகத் தெரிந்தது. மேலே சிப்பாய்கள் கதைக்கு ஒத்துவரவில்லை என்று வாழைமரத்தைக் கட்டி மறைத்தார்கள். வளவு முழுக்கச் சாமந்தி. முகப்பிலிருந்து தெருவரை பந்தல், சீரியல் விளக்கு. கிரேன் ஒன்று.

டைரக்டர் சார் என்னிடம் நன்றாகப் பேசுவார். "உங்க ஃபேமிலி இப்ப எங்கப்பா?" என்று கேட்டார். சிங்கப்பூர், அமெரிக்கா, எல்லாரும் பெரிய இடத்தில் என்று சொன்னேன். பொய் இல்லையே. திருச்சியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஷூட்டிங் முடிந்து எல்லாரும் காரைக்குடி லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். ஜெயசீலன் அண்ணனும் லைட் பார்க்கிற இரண்டு பேரும்தான் மிச்சம். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மறுநாள் கூட்டமாக நிற்பதற்கு ஆட்கள் வேனில் வருவதாக இருந்தது. ஜெயசீலன் அண்ணன் அவர்கள்தான் என்று நினைத்து, "லேடீஸெல்லாம் இடது பக்கம் போங்கம்மா, டிரெஸ் அங்க இருக்கு" என்று குரல் கொடுத்தார்.

வேனிலிருந்து திண்ணப்பன் சித்தப்பா இறங்கினார்.

பின்னாலேயே அவர் மனைவி, எனக்குச் சின்னாத்தா. சிகப்பி. ஒரு சமையல்காரர், அவருடைய அண்டா குண்டான். அதைப் பார்த்ததும்தான் அண்ணே எனக்குத் தட்டு ஞாபகம் வந்தது. அந்த வெற்றிலையை என்ன செய்தேன் என்றுகூடத் தெரியவில்லை.

சித்தப்பா தெருவிலேயே நின்றுவிட்டார். பந்தலைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். வாழைமரத்தைப் பார்த்தார். உள்ளே எட்டிச் சாமந்தியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சேவுகா," என்றார். "எம் பொண்ணுக்கு இவ்வளவு செஞ்சிருக்கியேடா."

என்னை அப்படியே கட்டிக்கொண்டுவிட்டார். லைட்காரர்கள் பார்க்கிறார்கள். ஜெயசீலன் அண்ணன் பார்க்கிறார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் ஒருத்தர் தோளில் சாய்ந்து அழும்போது, இது உங்களுக்கு இல்லை, நடிகைக்கு என்று எந்த வாயால் சொல்வது?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தப்பா" என்றேன். அதுவும் பொய் இல்லையே.

"கிரேன்கூட வச்சிருக்கான் பாரு ஆச்சி," என்று சின்னாத்தாவிடம் காட்டினார். "எங்க மண்டபத்துல பெரிய பெரிய பார்ட்டிதான் கிரேன் வைப்பான். வீடியோவுக்கு. நம்ம புள்ள வச்சிருக்கான்."

"ரொம்பச் செலவாகியிருக்குமே" என்றார் சின்னாத்தா.

"கேக்காதே. அவன் மனசு கஷ்டப்படும்."

சிகப்பி மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தல் முகப்பில் பூவிலேயே பெயர் எழுதியிருந்தார்கள். கதையில் வருகிற மாப்பிள்ளை பெண் பெயர். அவள் அதை வாசித்தாள். தன் பெயர் இல்லை என்று பார்த்தாள். அப்புறம் ஒரு தூண் பக்கம் போய்ச் சும்மா சாய்கிற மாதிரி முழங்கையை வைத்தாள், தூண் லேசாக அமுங்கியது. கணக்கு டீச்சர் அல்லவா. சித்தப்பா சாமான் இறக்கப் போனதும் என் பக்கத்தில் வந்தாள்.

"சினிமாவாண்ணே?"

தலையை ஆட்டினேன்.

"நாளைக்கும் இருக்கா?"

"இருக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்டிருப்பேன். அவள் திட்டவில்லை. 

"மாப்பிள்ளை வீட்டுல எல்லாம் விடியறதுக்கு முன்னாடி வந்துருவாங்க. முகூர்த்தம் சூரியன் வர்றதுக்குள்ள. சினிமாக்காரங்க எப்ப வருவாங்க?"

"ஏழு மணிக்கு மேல."

"அப்பச்சிக்குத் தெரிய வேண்டாம்ணே. இதை நீங்க செஞ்சதாவே இருக்கட்டும். அவர் வாழ்நாள்லயே ஒரு தடவைதான் இந்த வீட்டு வாசல்ல தலை நிமிர்ந்து நிக்கிறாரு. அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிடறோம்."

அவளே போய் ஜெயசீலன் அண்ணனிடமும் பேசினாள். என்ன சொன்னாளோ தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பூவில் எழுதின பெயரை ஆள் வைத்து அவிழ்க்கச் சொன்னார். "காலையில் திருப்பிக் கட்டிக்கிடலாம்" என்றார். நல்ல மனுஷர். அவரும் அப்படி உதவிசெய்யப் போய்த்தான் இவ்வளவும் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

விடியற்காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்தி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தேவகோட்டைப் பக்கம். பெரிய கூட்டம் இல்லை. சித்தப்பா முகப்புப் படியில் நின்றார். பழைய பட்டு வேட்டி, மடிப்பு விழுந்த இடத்தில் நைந்திருந்தது. எனக்குத் தெரிந்தது, வெளிச்சம் அப்படி. ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து அழைத்தார். "வாங்க, நம்ம வீடுதான், வாங்க" என்றார். அந்த வீடு என்கிற வார்த்தையை எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கே இல்லை.

வளவில் மணை போட்டுத் திருப்பூட்டு நடந்தது. உங்களில் தாலி கட்டுவது என்பீர்கள். கேசட் நாதஸ்வரம் இல்லை, நிஜ நாதஸ்வரம், சித்தப்பா திருச்சியிலிருந்து கூட்டிவந்திருந்தார். அந்தச் சத்தம் மேல் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. நான் சாட்சிக்கு நிற்கிற பங்காளியாக நின்றேன். அட்சதை போட்டேன். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அதை நான் மறைக்கவில்லை. ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. சாப்பிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். மகளுக்குக் கல்யாணம் முடிந்தது, மனசு நிறைந்துவிட்டது. சம்பந்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டைக் காட்டப் புறப்பட்டுவிட்டார். சுவரைக் காட்டினார். தரையைக் காட்டினார். பின்னாலேயே நானும் போகிறேன், தூண் பக்கம் போய்விடக் கூடாதே என்று. "சித்தப்பா, பந்திக்குக் கூப்பிடுறாங்க" என்றேன். "இருடா" என்றார்.

"சம்பந்தி, இந்தத் தூணைப் பாருங்க. கடல் தாண்டி வந்தது. ஒரே மரம். இரும்பு மாதிரி. தட்டிப் பாருங்க, மணிச் சத்தம் கேக்கும்."

அவர் தட்டுவதற்குள் இவரே ஓங்கித் தட்டிக் காட்டினார்.

கை உள்ளே போய்விட்டது அண்ணே. யாளி முகத்துக்குள்ளே மணிக்கட்டுவரை. வெள்ளை வெள்ளையாக உருண்டை பொலபொலவென்று தரையில் கொட்டுகிறது. சித்தப்பா கையை எடுக்கவும் இல்லை, அசையவும் இல்லை. அப்படியே தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சம்பந்தி குனிந்து ஓர் உருண்டையை எடுத்தார். விரலில் உருட்டினார். "ஏன் சம்பந்தி," என்றார், "கப்பல்ல வந்ததா, டிவிப் பெட்டிக்குள்ள வந்ததா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். "மாமா, திருப்பூட்டு முடிஞ்சிருச்சு. இனிமே தூணே விழுந்தாலும் உங்க பொண்ணைத் திருப்பித் தரமாட்டேன்" என்றார். சம்பந்தி சித்தப்பா கையை வெளியே எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள்ளே தன் விரலை விட்டுத் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது. "உள்ள மரம் இருக்கு சம்பந்தி, நீங்க சொன்னது மெய்தான். குளிருக்குச் சட்டை போட்டு விட்டிருக்காக போல." சித்தப்பாவும் சிரித்தார். எல்லாரும் சிரித்த சிரிப்பு அது. கேலி இல்லை. அதோடு அது முடிந்திருக்கும், சத்தியமாக முடிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் சார் வந்துவிட்டார். காலை வெளிச்சம் பார்க்க வேண்டும் என்று ஏழு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வளவில் பூவெல்லாம் மிதிபட்டுக் கிடக்கிறது. தூணில் ஓட்டை. பழைய வேட்டிக்காரர் ஒருத்தர் கையெல்லாம் தெர்மாகோலோடு நிற்கிறார்.

"யாருய்யா இவங்க? யாரு உள்ள விட்டது?" என்று கத்தினார்.  அவர் நேராக என்னைப் பார்த்தார். "தம்பி, யாரு இவங்க?"

எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்வேன்? சிங்கப்பூர், அமெரிக்கா என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒப்பந்தம் போட்ட நாளில் வேறு ஆட்களை உள்ளே விட்டது தெரிந்தால் நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் இந்த வீட்டுக்கு வருவான்? அது பொதுக் காரியம் இல்லையா? அப்புறம் ஓடு மாற்றுவது எந்தப் பணத்தில்? ஒரு நொடியில் எதையாவது சொல்லியாக வேண்டும்.

"கூட்டத்துல நிக்க வந்தவங்க சார்," என்றேன். "கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டாங்க."

அவ்வளவுதான் அண்ணே நான் சொன்னது. கெட்ட வார்த்தை இல்லை. யாரையும் போ என்று சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு ஒரு சமாளிப்பு.

சம்பந்தி சிரிப்பை நிறுத்திவிட்டார். கையில் இருந்த தெர்மாகோல் உருண்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஜெயசீலன் அண்ணன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "டைரக்டர்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா வாழ்த்திட்டுப் போயிருப்பாருய்யா" என்றார். அது அவருக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா மேலே பார்த்தார். பந்தலை, விளக்கை, கிரேனை, ஒவ்வொன்றாக. மண்டபத்து மேனேஜர் அல்லவா, எது யார் வாடகைக்கு எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பார்த்து முடித்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

பந்தி சீக்கிரமாக முடிந்தது.  கிளம்புவதற்கு முன்னால் சிகப்பி அவர்கள் அறைக் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். இந்த வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போகும்போது தன் அப்பன் கதவுக்கு வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். நீங்கள் கேட்டது அதைத்தான். நடு விரலால் அழுத்தி வைத்தாள், இன்னும் அழியவில்லை பாருங்கள். டைரக்டர் சார் தூரத்தில் நின்று பார்த்துவிட்டார். "அடடா, அது என்ன வழக்கம்? நல்லாயிருக்கே. அந்தப் பொண்ணை இன்னொரு தடவை வைக்கச் சொல்லு, எடுத்துக்கலாம்" என்றார்.

நான் போய்க் கேட்டேன். கேட்கச் சொன்னார்கள், கேட்டேன்.

"இது ஒரு தடவைதான் வைக்கிறதுண்ணே" என்றாள் சிகப்பி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் அவள் மாப்பிள்ளையோடு வேனில் ஏறிவிட்டாள். சின்னாத்தா ஏறினார், சமையல்காரர் ஏறினார். சித்தப்பாவை மட்டும் காணோம்.

உள்ளே வந்து பார்த்தால், துடைப்பத்தை எடுத்து வளவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். தெர்மாகோல் உருண்டை சொன்ன பேச்சுக் கேட்குமா? கூட்டக் கூட்டப் பறக்கிறது. மனுஷர் விடவில்லை. குனிந்து குனிந்து மூலை மூலையாகக் கூட்டி அள்ளினார். பட்டு வேட்டியோடு. எனக்குத் தாங்கவில்லை. "விடுங்க சித்தப்பா, ஆள் இருக்கு" என்றேன். காதில் விழாத மாதிரி கூட்டி முடித்தார். வளவுக்கு அடுத்த இரண்டாம் கட்டுக்குப் போய் ஃபேன்களை நிறுத்தினார். குழாயை இறுக்கி மூடினார். அப்புறம் என் எதிரில் வந்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். மண்டபம் காலி பண்ணுகிறவர்கள் அவர் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி.

"எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கங்க," என்றார். "அந்தத் தூண் ஒண்ணுதான் டேமேஜ். என்னன்னு சொல்லிவிடுங்க, குடுத்து விட்டுடறேன்."

என் தலையைத் தொட்டுவிட்டுப் போனவர் அண்ணே. டேய் சேவுகா என்று கூப்பிடுகிறவர். இந்த வீடே அவர் பெயரில் நிற்கிறது.  "பரவால்ல சித்தப்பா" என்றேன்.  பரவாயில்லை என்றேன், பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிறவன் மாதிரி.

முன்வாசல் பக்கம் நடந்தார். அதற்குள் முகப்பில் தண்டவாளம் போட்டுக் கேமரா டிராலியை ஏற்றிவிட்டார்கள். வேன் அந்தப் பக்கம் தெருவில் நிற்கிறது. ஒருத்தர் குறுக்கே போனால் எல்லாவற்றையும் மறுபடி வைக்க வேண்டும்.

"சித்தப்பா," என்றேன், "இப்படிப் போக முடியாது போல. பின்வாசலா போயிடுங்க. வேனைச் சுத்தி வரச் சொல்றேன்."

பின்வாசல் வழியாக வண்டிமாடு வரும், விறகு வரும், வேலைக்கு வருகிறவர்கள் வருவார்கள். கல்யாணம் முடிந்து பெண்ணைப் பெற்றவர் அந்த வழியாகப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

"சரிங்க" என்றார்.

திரும்பி நடக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒரே நேரில் இருக்கும் அண்ணே. முகப்பில் கேமராவை வைத்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுக்களைக் கட்டு, எல்லாம் தாண்டிப் பின்தெருவே தெரியும். அந்த ஷாட்டைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. உதவி டைரக்டர், "சார், ஃப்ரேம்ல ஒரு பெரியவர் போறாரு" என்றார்.

டைரக்டர் கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார். "கட் பண்ணாதே. போகட்டும். ரொம்ப நல்லாயிருக்கு."

எனக்குச் சித்தப்பா என்று கூப்பிட வேண்டும்போல இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு போன் போட்டிருக்கலாமே என்றாவது சொல்லியிருப்பேன். ஆனால் கேமரா ஓடும்போது யாரும் குரல் கொடுக்கக் கூடாது அண்ணே. அது அவர்கள் விதி. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொரு நிலைப்படியிலும் காலை உயர்த்தி, படியை மிதிக்காமல் தாண்டித் தாண்டி, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டைக் கடந்து, அடுக்களையைக் கடந்து, வெயிலில் இறங்கினார். பின்தெருவில் வேன் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் அதற்காக நிற்கவில்லை. நடந்துகொண்டே போனார்.